பாக்டீரியாவோட வெளிச்சவ்வு தானா சேருதா, இல்ல செல் கட்டுதா?

நீங்க கேட்டத முதல்ல சுருக்கி போட்டுடறேன், புதுசா வர்றவங்களுக்கும் புரியணும்ல. கிராம் நெகட்டிவ் பாக்டீரியாவோட வெளிச்சவ்வுல கொழுப்பும் சர்க்கரை ஒட்டின மூலக்கூறும் எப்படி ஒண்ணு சேருது, லிப்பிட தண்ணில போட்டா தானா ரெண்டு அடுக்கா அமைஞ்சிடும்னு புக்ல போட்டிருக்கே அதே கதைதானா இதுவும், அப்படின்னா எல்பிஎஸ்னு சொல்ற அந்த சர்க்கரை ஒட்டின மூலக்கூற பவுடரா வாங்கி லிப்பிடோட (கொழுப்போட) கலந்து எம்எஸ்சி ப்ராஜெக்ட்டுக்கு ஒரு சவ்வு பண்ணிட முடியுமா. இதுக்குள்ள இருக்கற கேள்வி ஒண்ணுதான்: இது தன்னால நடக்கறதா, இல்ல செல் மெனக்கெட்டு செலவு பண்ணி கட்டறதா. என் பதில், ஒட்டி நிக்கறது தன்னால, ஆனா யாரு எந்தப் பக்கம் நிக்கணுங்கறது சத்தியமா தன்னால இல்ல. புக்ல இந்த ரெண்டையும் ஒரே பாராவுல போட்டு முடிச்சிடறாங்க, குழப்பமே அங்கதான் ஆரம்பிக்குது.

நான் பல வருஷம் லேப்ல எல்பிஎஸ் பிரிச்செடுத்து ஜெல் ஓட்டினவன், இப்ப பாடம் எடுக்கறேன். பயோகெமிஸ்ட்ரி பக்கத்து ஆளு, மூலக்கூறோட வடிவம் பார்க்கற க்ரையோ இஎம், எக்ஸ்ரே க்ரிஸ்டல் எல்லாம் பேப்பர் படிச்சு தெரிஞ்சுகிட்டதுதான், கையால பண்ணதில்ல, அத மனசுல வச்சுட்டு படிங்க. உதாரணம் எல்லாம் பெரும்பாலும் ஈ.கோலை, சால்மோனெல்லா ரெண்டுலருந்துதான் வரும், ஏன்னா நமக்கு உறுதியா தெரிஞ்சதுல முக்கால்வாசி அதுங்க மேல பண்ண வேலைதான்.

கிராம் நெகட்டிவ் செல்லுக்கு ரெண்டு சவ்வு. உள்சவ்வு சாதாரண பாஸ்போலிப்பிட் அடுக்கு, ரெண்டு பக்கமும் பாஸ்போலிப்பிட்தான். அதுக்கு வெளிய பெரிப்ளாசம்னு ஒரு இடைவெளி, அதுல பெப்டிடோகிளைக்கான் சுவர், அதுக்கும் வெளியதான் நம்ம வெளிச்சவ்வு. இந்த வெளிச்சவ்வோட உள்பக்க அடுக்கு பாஸ்போலிப்பிட், வெளிப்பக்க அடுக்கு முழுக்க லைப்போபாலிசாக்கரைடு, அதாவது எல்பிஎஸ். ஒரே சவ்வு, ரெண்டு முகம், ரெண்டும் வேற வேற சரக்கு. இது 1970கள்ல சால்மோனெல்லாவ வச்சு பண்ண வேலைலயே தெரிஞ்சு போச்சு, 1976ல காமியோவும் நிகைடோவும் செல்லோட வெளிய இருந்து பாஸ்போலிப்பிட்ட தொட முடியுதான்னு பார்த்தாங்க, முழு செல்லுல தொடவே முடியல, அதாவது வெளிப்பக்கத்துல பாஸ்போலிப்பிட் கிட்டத்தட்ட இல்லவே இல்ல. இது உறுதியான விஷயம், இதுல யாருக்கும் சண்டை இல்ல.

இப்ப நீங்க சொல்ற 'தானா சேரும்' கதைக்கு வருவோம். பாஸ்போலிப்பிட்ட தண்ணில போட்டா பைலேயர், அதாவது ரெண்டு அடுக்கு, ஆகும், நிஜம்தான், வால் பகுதிக்கு தண்ணி பிடிக்காது, அதனால ஒளிஞ்சுக்குது. ஆனா அப்படி தானா அமையற பைலேயர் ரெண்டு பக்கமும் ஒரே கலவையாத்தான் இருக்கும், நீங்க நாலு வகை லிப்பிட் போட்டா நாலும் ரெண்டு பக்கமும் கலந்து நிக்கும். ஒருத்தன் உள்ள மட்டும் இன்னொருத்தன் வெளிய மட்டும் நிக்கறதுக்கு தெர்மோடைனமிக்ஸ்ல ஒரு காரணமும் கிடையாது. சுத்தமான எல்பிஎஸ்ஸ தனியா தண்ணில போட்டா இன்னும் மோசம், அது உருட்டி திரட்டி பெரிய பெரிய கட்டியா ஆயிடும், ஒத்த மூலக்கூறோட எடை 10 முதல் 20 கிலோடால்டன்தான் இருக்கும், ஆனா கரைசல்ல அந்த கட்டிங்க லட்சக்கணக்கான டால்டன் எடைல திரியும். பாட்டில்ல வாங்கின எல்பிஎஸ்ஸ தண்ணில போட்டு குலுக்கி பார்த்தவங்களுக்கு தெரியும், கலங்கலா நிக்கும், வோர்டெக்ஸ் பண்ணாலும் முழுசா தெளியாது, போதாக்குறைக்கு ட்யூப் சுவர்லயும் போய் ஒட்டிக்கும், நீங்க போட்ட அளவு ஒண்ணு கையில கிடைக்கற அளவு ஒண்ணு.

ஆக ரெண்டு முகம் வரணும்னா யாரோ ஒருத்தர் எல்பிஎஸ்ஸ எடுத்துட்டு போய் வெளிப்பக்கத்துல மட்டும் இறக்கி வைக்கணும். அங்க இறக்கினதுக்கு அப்புறம் அது உள்பக்கம் புரளாம இருக்கணும், அது பிரச்சனை இல்ல, அவ்ளோ சர்க்கரைய தலைல சுமந்துட்டு எண்ணெய் மாதிரி இருக்கற நடுப்பகுதி வழியா குட்டிக்கரணம் அடிக்கறது நடக்காத காரியம். சாதா பாஸ்போலிப்பிட்டே உதவி இல்லாம புரள மணிக்கணக்கு நாள்கணக்கு ஆகும், எல்பிஎஸ் எங்க புரளறது. கஷ்டம் எல்லாம் கொண்டு போய் சேர்க்கறதுலதான்.

அதுக்கு முன்னாடி இந்த மூலக்கூறு எப்படி உருவாகுதுன்னு பார்த்தாதான் சிக்கல் புரியும். எல்பிஎஸ்ல மூணு பாகம். அடியில லிப்பிட் ஏ, அதுதான் சவ்வுல குத்தி நிக்கற வேர்ப்பகுதி, ரெண்டு குளுக்கோசமைன் சேர்ந்த ஒரு முதுகெலும்பு, ரெண்டு பாஸ்பேட், ஈ.கோலைல ஆறு கொழுப்பு வால். அதுக்கு மேல கோர்னு சொல்ற குட்டி சர்க்கரைத் தொடர், அதோட ஆரம்பத்துல கேடிஓன்னு ஒரு வினோதமான எட்டு கார்பன் சர்க்கரை. அதுக்கும் மேல ஓ ஆன்டிஜென், ஒரே சர்க்கரை யூனிட் திரும்பத் திரும்ப வர்ற நீளச் சங்கிலி. லிப்பிட் ஏவும் கேடிஓவும் சேர்ந்து வர்ற பாதைய கண்டுபிடிச்சதுல பெரிய பங்கு கிறிஸ்டியன் ரேட்ஸுக்கு, அதனாலதான் ரேட்ஸ் பாதைன்னே பேரு, ஈ.கோலைல ஒன்பது என்சைம். இதுல ரெண்டாவது படி எல்பிஎக்ஸ்சி, துத்தநாகம் வச்சு வேலை செய்யற என்சைம், அதத் தாண்டிட்டா திரும்ப வர முடியாது, அதனால செல் அதத்தான் கெட்டியா பிடிச்சு கட்டுப்படுத்துது, அதுக்கு அப்புறமா வர்றேன். இந்த வேலை எல்லாம் உள்சவ்வோட உள்பக்கம், சைட்டோப்ளாசத்த, அதாவது செல்லோட உட்புறத்த, பார்த்த பக்கம் நடக்குது, அதாவது போய்ச் சேர வேண்டிய இடத்துக்கு நேர் எதிர் கோடி. கோர் வரைக்கும் சேர்ந்ததும் எம்எஸ்பிஏன்னு ஒரு புரோட்டீன் செல்லோட எரிபொருளான ஏடிபிய செலவு பண்ணி அத உள்சவ்வுலயே வெளிப்பக்கம் புரட்டி விடுது.

ஓ ஆன்டிஜென் இதுல ஒட்டி வளர்றது இல்ல, நிறைய பேர் இங்க தப்பா நினைச்சுக்கறாங்க. அது தனியா அன்டெகாப்ரெனில் பாஸ்பேட்ங்கற இன்னொரு லிப்பிட் மேல தயாராகுது, சால்மோனெல்லாவுலயும் நிறைய ஈ.கோலைலயும் ஒவ்வொரு யூனிட்டா டபிள்யூஇசட்எக்ஸ்ங்கற புரோட்டீன் புரட்டி விடுது, டபிள்யூஇசட்ஒய்ங்கற இன்னொண்ணு கோர்த்து நீட்டுது, கடைசில டபிள்யூஏஏஎல்ங்கற லிகேஸ், அதாவது ஒட்டற என்சைம், அந்த சங்கிலிய மொத்தமா எடுத்து கோர் மேல மாட்டி விடுது. அதாவது ரெண்டு வேற வேற லைன்ல செஞ்சு பெரிப்ளாசத்துல வச்சு மாட்டறாங்க. இத நீங்க கண்ணால பார்க்கலாம். எல்பிஎஸ்ஸ ஜெல்ல ஓட்டி வெள்ளிச் சாயம் போட்டீங்கன்னா, புரோட்டீன் மாதிரி ஒரு பட்டை வராது, ஏணிப் படி மாதிரி வரிசையா வரும், ஒவ்வொரு படியும் ஒரு ஓ யூனிட் கூடுதல். கீழ கனமா ஒரு பட்டை இருக்கும், அது ஓ ஆன்டிஜென் மாட்டாமயே போன மூலக்கூறுங்க. நடுவுல படிங்க மெலிஞ்சு மேல போனதும் ஒரு இடத்துல மறுபடி அடர்த்தி ஆகும், சங்கிலி எவ்ளோ நீளம் போகணும்னு முடிவு பண்ற புரோட்டீன் ஒண்ணு இருக்கறதாலதான் அது. முதல் தடவை டெவலப்பர் ஊத்தி அந்த படிங்க ஒவ்வொண்ணா பழுப்பா எழும்பி வர்றத பார்க்கும்போது வர்ற சந்தோஷத்துக்கு ஈடு கிடையாது, ஆனா ஒரு நிமிஷம் அசந்தா மொத்த ஜெல்லும் கறுத்துப் போயிடும், ஸ்டாப் சொல்யூஷன பக்கத்துலயே வச்சுக்கோங்க.

இந்த ஓ ஆன்டிஜென்னோட சர்க்கரை மாறினா என்ன ஆகும்னு நம்ம ஊருக்கு நல்லாவே தெரியும். டைபாய்டுக்கு வைடல் டெஸ்ட் எடுத்தா ரிப்போர்ட்ல டிஓ, டிஹெச்னு வரும்ல, அந்த ஓ இந்த சர்க்கரைச் சங்கிலிக்கு எதிரா உடம்பு செஞ்ச ஆன்டிபாடிதான், ஹெச் வந்து வால் மாதிரி இருக்கற பிளாஜெல்லாவுக்கு எதிரானது. டைபாய்டு கிருமில அந்த யூனிட்டோட பக்கத்துல தொங்கற சர்க்கரை டைவெலோஸ், பாராடைபி ஏல அது பாராடோஸ், முதுகெலும்பு சங்கிலி கிட்டத்தட்ட ஒண்ணுதான். ஒத்த சர்க்கரையோட வடிவம் மாறறதுல பேரே மாறிடுது, முதுகெலும்பு பொதுவா இருக்கறதால டெஸ்ட்ல ஒண்ணுக்கு ஒண்ணு குழப்பமும் வருது. இன்னும் பெரிய உதாரணம் காலரா. 1992 கடைசில மெட்ராஸ்ல ஒரு புது காலரா கிருமி தலை காட்டுச்சு, அப்புறம் கல்கத்தா, வங்காளதேசம்னு பரவிச்சு, ஓ139னு பேரு வச்சாங்க. அதுவரைக்கும் கொள்ளைநோயா பரவின காலரான்னா ஓ1தான். பழைய ஓ1 எல் டோர் கிருமிதான் இதுவும், ஆனா ஓ ஆன்டிஜென் ஜீன் தொகுப்ப மட்டும் கழட்டிட்டு வேற ஒண்ண மாட்டிக்கிட்டு வந்துச்சு. ஓ1க்கு எதிர்ப்பு இருந்த பெரியவங்களையும் அது விட்டு வைக்கல. சவ்வு அதேதான், மேல இருந்த சர்க்கரை மட்டும்தான் மாறிச்சு.

சரி, எல்பிஎஸ் முழுசா தயார், உள்சவ்வோட வெளிப்பக்கத்துல நிக்குது. இனிமே பெரிப்ளாசத்த தாண்டணும், அது தண்ணி, எல்பிஎஸ்ஸோட வாலுக்கு தண்ணி ஆகாது. அதுவுமில்லாம பெரிப்ளாசத்துல ஏடிபி கிடையாது, அங்க எந்த வேலைக்கும் எனர்ஜி உள்ள இருந்துதான் வரணும். இங்கதான் இந்த துறையோட அழகான கண்டுபிடிப்பு இருக்கு. எல்பிடின்னு ஏழு புரோட்டீன், ஏல இருந்து ஜி வரைக்கும் பேரு. உள்சவ்வுல பி, எஃப், ஜி சேர்ந்து ஏடிபி எரிக்கற பம்ப், அது மேல சி, அதுல இருந்து ஏ நீளமா ஒண்ணோட ஒண்ணு தொத்திக்கிட்டு பாலம் மாதிரி வெளிச்சவ்வு வரைக்கும் போகுது, வெளிச்சவ்வுல டியும் இயும். இந்த பாலத்து வழியாதான் எல்பிஎஸ் வழுக்கிட்டு போகுது. பாலத்தோட உள்பக்கம் ஒரு பள்ளம் இருக்கு, அதுல கொழுப்பு வால் ஒளிஞ்சுக்கும், சர்க்கரை வெளிய தண்ணிப் பக்கம் நீட்டிட்டு இருக்கும், அதனால யாருக்கும் கஷ்டம் இல்ல.

வெளியில ஏடிபி இல்லாம எப்படி அவ்ளோ தூரம் நகருதுங்கறதுக்கு டேனியல் கான்ங்கற விஞ்ஞானியோட குழு சொன்ன விளக்கம், வெளிநாட்டுல பெஸ்னு ஒரு மிட்டாய் டப்பா உண்டு, அடியில ஸ்பிரிங் தள்ளத் தள்ள மேல ஒவ்வொரு மிட்டாயா வெளிய வரும், அதுதான் மாடல். பாலம் முழுக்க எல்பிஎஸ் வரிசையா நிரம்பி நிக்குது, உள்ள ஏடிபி எரியும்போது அடியில புதுசா ஒண்ணு ஏறுது, மேல இருக்கறது டியும் இயும் சேர்ந்த கதவு வழியா வெளிய போகுது. ஒவ்வொரு அடிக்கும் எனர்ஜி வெளிய தேவையில்ல, தள்ளறது எல்லாம் உள்ள. 2012ல இதே குழு, பெரிப்ளாசத்துக்குள்ள எல்பிஎஸ் நகர சைட்டோப்ளாச ஏடிபி வேணும்னு நிரூபிச்சாங்க, 2018ல இன்னும் ஒரு படி மேல போய் சுத்தப்படுத்தின புரோட்டீனையும் ரெண்டு வகை செயற்கை லிப்பிட் குமிழியையும் வச்சு, ஒண்ணுல இருந்து இன்னொண்ணுக்கு இந்த பாலத்து வழியா எல்பிஎஸ் போறத டெஸ்ட் ட்யூப்லயே காட்டிட்டாங்க. எனக்குப் பிடிச்ச பரிசோதனைங்கள்ல அது ஒண்ணு.

மேல சொன்ன கதவுல முக்கியமானது டி, அதாவது எல்பிடிடி. அது 26 இழை பின்னின ஒரு பீப்பாய், 2014ல அதோட வடிவம் வெளிவந்துச்சு, இ போய் அதுக்குள்ள அடைப்பு மாதிரி செருகி உட்கார்ந்திருக்கு. முதல் இழையும் கடைசி இழையும் சேர்ற இடத்துல தையல் பலவீனமா இருக்கு, அது பக்கவாட்டுல திறந்து, சர்க்கரைப் பகுதி பீப்பாய் நடுவுல போக, கொழுப்புப் பகுதி சவ்வுக்குள்ளயே வழுக்கி, எல்பிஎஸ் நேரா வெளி அடுக்குல போய் நிக்குதுன்னு சொல்றாங்க. வடிவத்துல இருந்தும் ம்யூட்டேஷன்ல இருந்தும் நல்ல ஆதாரம் இருக்கு, ஆனா கதவு எவ்ளோ அகலம் திறக்குது, எந்த வரிசைல நகருதுங்கற விவரம் எல்லாம் இன்னும் மாடல்தான், படம் போட்டு காட்டற அளவுக்கு உறுதின்னு நினைச்சுடாதீங்க. ஒரு சின்ன விஷயம் சொல்லணும். எல்பிடிடில சரியான டைசல்பைடு பிணைப்பு (ரெண்டு கந்தகம் சேர்ற பிணைப்பு) அமையற வரைக்கும் பாலத்தோட அது சேராது. அதாவது கதவு சரியா பொருந்தினாத்தான் பாலம் போடப்படும், இல்லன்னா எல்பிஎஸ் தப்பான இடத்துல கொட்டிடும். இந்த மாதிரி ஒரு செக் இருக்குன்னா 'தானா அமையுது'ங்கற பேச்சுக்கே இடமில்ல.

கணக்கு போட்டு பாருங்க. ஒரு ஈ.கோலை செல் மேல சுமாரா 10 லட்சம் எல்பிஎஸ் இருக்கு, மேற்பரப்புல முக்கால்வாசி அதுதான். நல்ல சாப்பாடு இருந்தா 20 நிமிஷத்துல செல் ரெண்டாகும், ரெண்டுக்கும் முழு கோட்டு வேணும். வினாடிக்கு 800க்கு மேல எல்பிஎஸ் வெளிய போய்ச் சேரணும்.

இப்ப தன்னால நடக்கற பங்குக்கு வர்றேன், அதையும் குறைச்சு சொல்லக்கூடாது. வெளிய வந்து நின்னதுக்கு அப்புறம் எல்பிஎஸ் பக்கத்துல பக்கத்துல இறுகறதுக்கு என்சைம் எதுவும் வேண்டாம். லிப்பிட் ஏலயும் கோர்லயும் இருக்கற பாஸ்பேட்டுங்க மைனஸ் சார்ஜ், அதுங்க ஒண்ண ஒண்ணு தள்ளணும், நடுவுல மக்னீசியமும் கால்சியமும் ப்ளஸ் ரெண்டா வந்து உட்கார்ந்து இறுக்கிப் பிடிக்குது. வாலுங்க எல்லாம் இரட்டைப் பிணைப்பு இல்லாத நேரான வாலு, நெருக்கமா அடுக்கிக்கும், அதனால கொழுப்புல கரையற பொருள் கூட சுலபத்துல நுழைய முடியாது. மேக்கான்கி அகார் ஊத்தினவங்களுக்கு தெரியும், அதுல பித்த உப்பும் கிரிஸ்டல் வயலட்டும் இருக்கு, கிராம் பாசிட்டிவ் பெரும்பாலும் வளராது, ஈ.கோலை ஜம்முன்னு ரோஸ் கலர்ல வளரும், காரணம் இந்த இறுகின அடுக்கு. வான்கோமைசின்ங்கற ஆன்டிபயாட்டிக் கிராம் நெகட்டிவ்ல எடுபடாததுக்கும் இதுவே காரணம், மூலக்கூறு பெரிசு, வெளிச்சவ்வுல இருக்கற போரின்ங்கற புரோட்டீனோட ஓட்டைல சுமார் 600 டால்டன் வரைக்கும்தான் போகும், சவ்வு வழியாவும் வழி இல்ல. மாறா உலோக அயனிய பிடிச்சுக்கற ஈடிடிஏங்கற ரசாயனத்த போட்டு மக்னீசியத்த உருவிட்டீங்கன்னா கதை கந்தல், 1965ல லொரெட்டா லைவ் காட்டினது, கொஞ்ச நேர ஈடிடிஏலயே ஈ.கோலையோட எல்பிஎஸ்ல பாதி வரைக்கும் கழண்டு வந்துடும். நாம டிஎன்ஏ பிரிக்கும்போது பஃபர்ல ஈடிடிஏ போடறதோட ஒரு பலன் இது, சுவர அரிக்கற லைசோசைம் என்சைம் உள்ள போக வழி கிடைக்கும். கோலிஸ்டின், பாலிமிக்சின் மருந்துங்களும் இதே இடத்துலதான் கை வைக்குது, மக்னீசியத்த தள்ளிட்டு பாஸ்பேட்ட பிடிச்சுக்கும். பாக்டீரியா அந்த பாஸ்பேட் மேல பாஸ்போஎத்தனாலமைன ஒட்டி மைனஸ மறைச்சுட்டா மருந்துக்கு பிடிமானம் போச்சு, 2015ல சீனாவுல இருந்து ரிப்போர்ட் ஆன எம்சிஆர்-1 ஜீன் பண்றது இதத்தான், அதுவும் பிளாஸ்மிட்ங்கற தனி டிஎன்ஏ வளையத்துல, கிருமிக்கு கிருமி கைமாறும். இந்தியாவுல 2019 ஜூலைல கோழி, மீன், கால்நடைத் தீவனத்துல கோலிஸ்டின தடை பண்ணதுக்கு இந்த மாதிரி பயம்தான் பின்னணி.

சந்தேகமான பகுதி இனிமே. எல்பிஎஸ் எப்படி வெளிய போகுதுன்னு இவ்ளோ தெரிஞ்ச நமக்கு, அதே சவ்வோட உள்பக்க அடுக்குல இருக்கற சாதா பாஸ்போலிப்பிட் எப்படி அங்க போய்ச் சேருதுன்னு ரொம்ப நாளா தெளிவா தெரியல. கேட்டா சிரிப்பு வரும், சிம்பிளான மூலக்கூறுதான் கடைசி வரைக்கும் கண்ணாமூச்சி காட்டுச்சு. 2021, 2022 வாக்குல டாம்பி, ஒய்ஹெச்டிபி, ஒய்டிபிஹெச்னு மூணு நீளமான புரோட்டீன் இதுக்கு காரணமா இருக்கலாம்னு ஜெனெடிக்ஸ் ஆதாரம் வந்துச்சு, மூணையும் எடுத்துட்டா செல் பிழைக்காது, ஒண்ணு இருந்தா எப்படியோ ஓட்டிடும். அதுங்களுக்கும் எல்பிடி மாதிரியே நீளப் பள்ளம் இருக்கும்னு வடிவக் கணிப்பு சொல்லுது. எனக்கு இது நம்பத் தகுந்ததாத்தான் படுது, ஆனா எல்பிடி அளவுக்கு டெஸ்ட் ட்யூப் நிரூபணம் வந்தாச்சுன்னு சொல்ல மாட்டேன். இன்னொண்ணு எம்எல்ஏங்கற புரோட்டீன் கூட்டம். 2009ல மாலின்வெர்னியும் சில்ஹாவியும் கண்டுபிடிச்சது, தப்பித் தவறி வெளிப்பக்கம் போயிட்ட பாஸ்போலிப்பிட்ட பிடிச்சு திரும்ப உள்ள கொண்டு வர்ற துப்புரவு வேலைன்னு சொன்னாங்க. அப்புறம் சில குழுங்க இல்ல இல்ல அது உள்ள இருந்து வெளிய கொண்டு போகுதுன்னாங்க. என் கணக்குல ஜெனெடிக்ஸ் முதல் கட்சிக்குத்தான் சாதகமா இருக்கு, எம்எல்ஏ இல்லாத செல்லுல வெளிப்பக்கம் பாஸ்போலிப்பிட் சேர்றத வேற எப்படியும் சுலபமா விளக்க முடியாது, ஆனாலும் வாய்தா வாங்கிட்டே இருக்கற கேஸ் அது.

வெளி அடுக்கு சீரா ஒரே மாதிரி பரவி இருக்குன்னு நினைச்சா அதுவும் இல்ல. 2021ல உயிரோட இருக்கற ஈ.கோலை மேல ஏஎஃப்எம்ங்கற, மேற்பரப்ப தடவிப் பார்க்கற கருவியோட நுண் ஊசிய வச்சு பார்த்தப்ப, போரின் மாதிரி புரோட்டீனுங்க வலை போட்ட மாதிரி நெருக்கமா ஒரு பக்கம், நடுநடுவுல புரோட்டீனே இல்லாத வெறும் எல்பிஎஸ் திட்டுங்க. 2018ல இன்னொரு வேலை, செல்லோட விறைப்புல வெளிச்சவ்வுக்கும் பெரிய பங்கு இருக்குன்னு காட்டுச்சு, அதுவரைக்கும் பாரம் தாங்கறது முழுக்க பெப்டிடோகிளைக்கான்தான்னு நாங்க பாடம் எடுத்துட்டு இருந்தோம். பாட புத்தகம் இன்னும் மாறல.

இதெல்லாம் எல்லா கிருமிக்கும் பொருந்தாதுங்கறதையும் சேர்த்து சொல்லிடறேன். ஸ்பிங்கோமோனாஸ்ல எல்பிஎஸ்ஸே கிடையாது, அந்த இடத்துல கிளைக்கோஸ்பிங்கோலிப்பிட் நிக்குது, சர்க்கரை ஒட்டின வேற ஒரு கொழுப்பு. மூளைக்காய்ச்சல் நைசீரியாவுல எல்பிஎஸ் செய்யற பாதைய முழுசா முறிச்சும் அது உயிரோட இருந்துச்சுன்னு 1998ல காட்டினாங்க, அசினிடோபாக்டர் பௌமானியைல சிலது கோலிஸ்டின்ல இருந்து தப்பிக்க எல்பிஎஸ்ஸையே தூக்கிப் போட்டுடுது, கதவ பூட்டு போடறதுக்கு பதிலா கதவையே கழட்டின கதை. ஈ.கோலை அப்படி பண்ணா சாதாரணமா செத்துடும். ஏன் சிலதுக்கு முடியுது சிலதுக்கு முடியலங்கறது இன்னும் திறந்த கேள்வி.

எல்பிஎக்ஸ்சி பத்தி அப்புறம் சொல்றேன்னு சொன்னேன்ல. செல்லுக்கு எல்பிஎஸ் குறைஞ்சாலும் ஆபத்து, கூடினாலும் ஆபத்து. எல்பிஎஸ்ஸுக்கும் பாஸ்போலிப்பிட்டுக்கும் மூலப்பொருள் ஒரே கொழுப்பு அமிலக் கிடங்குதான், ஒண்ணு அதிகமா இழுத்துட்டா இன்னொண்ணு தடுமாறும். எஃப்டிஎஸ்ஹெச்னு ஒரு புரோட்டியேஸ் எல்பிஎக்ஸ்சிய தின்னுட்டே இருந்து அளவ பார்த்துக்குது, அது வேலை செய்யலன்னா பெரிப்ளாசத்துல வேண்டாத சவ்வு குவிஞ்சு செல் செத்துடும். அதுக்கு எப்படி தெரியுது எல்பிஎஸ் அதிகமாச்சுன்னு, இதுக்கு 2020ல பல குழுங்க ஒரே சமயத்துல பதில் கண்டுபிடிச்சாங்க: உள்சவ்வுல ஒய்இஜேஎம்னு ஒரு புரோட்டீன், வெளிய போகாம தேங்கி நிக்கற எல்பிஎஸ்ஸ தொட்டு பார்க்குது, தேங்கலன்னா எல்ஏபிபிங்கற இன்னொரு புரோட்டீன பிடிச்சு வச்சுக்கும், தேங்கிச்சுன்னா விட்டுடும், அது போய் எஃப்டிஎஸ்ஹெச்ச ஏவி விட்டு எல்பிஎக்ஸ்சிய காலி பண்ணும். ஆக எவ்ளோ கட்டணுங்கறதையும் செல்தான் முடிவு பண்ணுது.

மருந்து பக்கம் ஆர்வம் இருந்தா, இந்த பாலத்துல கல்லு போடற வேலை நடந்துட்டு இருக்கு. சோசுராபால்பின்னு ஒரு மருந்து, அசினிடோபாக்டர்ல உள்சவ்வு பம்ப்ல எல்பிஎஸ் ஏறின நிலைலயே அத மாட்டிக்க வச்சுடுது, 2024 தொடக்கத்துல வெளியான வேலை. முன்னாடி எல்பிடிடிய குறி வச்ச முரெபாவாடின் ஊசி, 2019ல கிட்னி பாதிப்பு காரணமா மூணாம் கட்டத்துல நிறுத்தப்பட்டுச்சு, அதனால இப்பவே கொண்டாட வேண்டாம். நான் டாக்டர் இல்ல, இத சிகிச்சை ஆலோசனையா எடுத்துக்காதீங்க.

கடைசில உங்க ப்ராஜெக்ட். லிப்பிடையும் எல்பிஎஸ்ஸையும் ஒரே ட்யூப்ல போட்டு சோனிகேட் பண்ணா (ஒலி அலையால அதிர வச்சா) குமிழி கிடைக்கும், ஆனா ரெண்டு பக்கமும் கலந்துதான் கிடைக்கும், அத வெளிச்சவ்வுன்னு ரிப்போர்ட்ல எழுதினா வைவால நல்ல எக்ஸாமினர் விட மாட்டாரு. ஒரு பக்கம் எல்பிஎஸ் மட்டும் வேணும்னா சிலிக்கான் மாதிரி ஒரு தட்ட லாங்மியூர் தொட்டில, அதாவது தண்ணி மேல ஒத்த மூலக்கூறு கனத்துல படலம் பரப்பற தொட்டில, ஒவ்வொரு அடுக்கா முக்கி எடுக்கணும், முதல்ல பாஸ்போலிப்பிட், அப்புறம் எல்பிஎஸ், தண்ணில கால்சியம் கட்டாயம் இருக்கணும். இப்படி பண்ணி நியூட்ரான் ரிஃப்ளெக்டோமெட்ரில, அதாவது நியூட்ரான் கதிர் பட்டுத் திரும்பறத வச்சு அடுக்க அளக்கற முறைல, பார்த்திருக்காங்க, அந்த கால்சியத்த ஈடிடிஏ போட்டு எடுத்த உடனே ரெண்டு அடுக்கும் கலக்க ஆரம்பிச்சிடுது. தொட்டி வசதி உங்க காலேஜ்ல இல்லன்னா பக்கத்துல பிசிக்ஸ் இல்ல மெட்டீரியல்ஸ் டிபார்ட்மென்ட்ல கேட்டுப் பாருங்க, எங்கயாவது தூசி படிஞ்சு ஒண்ணு இருக்கும். எல்பிஎஸ் வாங்கும்போது ஓ ஆன்டிஜென் இல்லாத ரஃப் வகை வாங்குங்க, நீளச் சங்கிலி இருக்கறத தண்ணி மேல ஒழுங்கா பரப்பறது தலைவலி, ரஃப்ப பினால் க்ளோரோபார்ம் பெட்ரோலியம் ஈதர் முறைல நீங்களே கூட பிரிச்சுக்கலாம், ஓ ஆன்டிஜென் இருக்கற ஸ்மூத் வகைக்குத்தான் சூடான பினால் தண்ணி முறை, 68 டிகிரில, ஃப்யூம் ஹுட் இல்லாம தொடாதீங்க. கண்ணாடிப் பாத்திரத்த 250 டிகிரில அரை மணி நேரம் ஓவன்ல வைங்க, ஆட்டோக்ளேவ் கிருமிய கொல்லும், அது விட்டுட்டு போன எல்பிஎஸ்ஸ ஒண்ணும் பண்ணாது, பழைய எல்பிஎஸ் ஒட்டின பாத்திரத்துல புது அளவு எடுத்தா நம்பர் எல்லாம் தப்பா வரும்.